நேபாள இளவரசர் பகதூர் ஷா ஏன் திபெத்தின் மீது படையெடுத்தார்?

பகதூர் ஷா என்றால் ரங்கூனில் இறந்துபோன கடைசி முகலாய மன்னர்தான் நம் நினைவுக்கு வருவார். இவர் வேறு. நேபாளத்தை ஒன்றாக்கிய பிருத்வி நாராயண் ஷாவின் இளைய மகன், 1757-இல் பிறந்தவர்.

ஏன் படையெடுத்தார் என்றால், செல்லாக்காசுக்காக. விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்போது திபெத்தில் பெரும்பாலும் நேபாள நாணயம்தான் புழங்கியது. திபெத்திலிருந்து வெள்ளி வரும். காத்மாண்டுப் பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல மன்னர்கள் அதைக் காசாக அடித்துத் திருப்பி அனுப்புவார்கள். கொஞ்ச காலத்தில் வெள்ளியோடு மற்ற உலோகத்தையும் கலந்து லாபம் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு வந்த ஷா வம்சம் நல்ல வெள்ளியில் காசு அடித்ததும் தகராறு தொடங்கியது. பழைய காசின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது நேபாளம். அந்த நட்டம் எங்கள் தலையிலா என்றது திபெத். போதாததற்கு, அங்கிருந்து வரும் உப்பில் மண் கலந்திருக்கிறது என்ற புகார் வேறு.

1788-இல் கூர்க்காப் படை குத்தி, கேரூங் கணவாய்கள் வழியாக உள்ளே புகுந்தது. வருடத்துக்கு 300 வெள்ளிக்கட்டி தருவதாக ஒப்புக்கொண்ட திபெத், பிறகு கையை விரித்தது. 1791-இல் மறுபடி போன படை, தஷில்ஹுன்போ மடத்தைக் கொள்ளையடித்தது. என் கணக்கில் அவருடைய பெரிய தப்பு அதுதான். கடன் வசூலிக்கப் போனவர், தலாய் லாமாவுக்கு அடுத்த பெரிய குருவான பஞ்சன் லாமாவின் மடத்திலேயே கைவைத்தால், திபெத்தைத் தன் பாதுகாப்பில் வைத்திருந்த சீனப் பேரரசர் சும்மா இருப்பாரா? 1792-இல் ஃபுகாங்கான் என்ற தளபதியின் சீனப் படை பேத்ராவதி ஆறு வரை வந்துவிட்டது.

லாங்டாங் மலைப்பகுதிக்குப் போகும் வழியில், அந்த ஆற்றின் பெயரையே கொண்ட பேத்ராவதி ஊரில் பருப்பும் சோறும் சாப்பிட்டிருக்கிறேன். பேருந்துக்காரர் ஹாரன் அடித்து அவசரப்படுத்த, இங்கிருந்து காத்மாண்டு ஒரு நாள் பயணம்கூட இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. பகதூர் ஷா ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார். அப்போதைய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் படை தர மறுத்து, சமரசம் பேச ஒரு தூதரை அனுப்பினார்; அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெய்ஜிங்குக்குக் காணிக்கை அனுப்புவதாக நேபாளம் ஒப்புக்கொண்டது.

மேற்கே கதை வேறு. பால்பா அரசரின் மகளை மணந்து அவரைத் தன் பக்கம் இழுத்தார், சுற்றியிருந்த குட்டி அரசுகளை ஒவ்வொன்றாக முடித்தார், 1790-இல் இன்றைய உத்தராகண்டில் இருக்கும் குமாவூன் வரை போனார். களத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் தாமோதர் பாண்டே போன்ற தளபதிகள்தான், திட்டம் இவருடையது.

இத்தனையும் அண்ணன் மகன் ரண பகதூருக்காக. அரியணை ஏறியபோது அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. 1785-இலிருந்து ஒன்பது வருடம் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்ட சித்தப்பாவை, 1794-இல் பதவியிலிருந்து இறக்கினான். அப்புறம் சிறையிலும் தள்ளினான். 1797-இல் அங்கேயே இறந்தபோது பகதூர் ஷாவுக்கு நாற்பது வயது.