கிடாவின் சிறுநீர்த்தாரையில் கல்: சிகிச்சை வழிகள்

கேள்வி: கறிக்காக வளர்க்கும் எனது வெள்ளாட்டுக் கிடா 30 கிலோ எடை இருக்கும், இரண்டாம் மாதத்திலேயே காயடித்தேன். தவிடும் மக்காச்சோளமும் தாராளமாக வைக்கிறேன். நேற்று மாலை முதல் அடிக்கடி முக்குகிறது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகவே வருகிறது. வாழைத்தண்டுச் சாறு கொடுத்தால் கல் கரையுமா, அறுவை சிகிச்சை தேவையா?

பதில்: தாங்கள் கூறும் அறிகுறிகள் சிறுநீர்த்தாரையில் கல் அடைத்திருப்பதையே பெரிதும் காட்டுகின்றன. பலர் இந்த முக்கலை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டிப் பொழுதைக் கழித்துவிடுகிறார்கள். முழு அடைப்பு ஓரிரு நாள் நீடித்தாலே சிறுநீர்ப்பையோ சிறுநீர்த்தாரையோ வெடிக்கக்கூடும் என்பதால், இன்றே 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழையுங்கள், அல்லது அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கிடாவைக் கொண்டு செல்லுங்கள்.

வாழைத்தண்டுச் சாறு உட்பட, சிறுநீரைப் பெருக்கும் எதையும் இப்போது புகட்ட வேண்டாம். வெளியேற வழி இல்லாதபோது சிறுநீர் கூடினால், ஏற்கெனவே உப்பியிருக்கும் பையில் அழுத்தம்தான் ஏறும்.

கிடாவின் குறி நுனியில் புழுவைப் போல நீண்ட மெல்லிய சதைமுனை ஒன்று உண்டு. கல் பெரும்பாலும் சிக்குவது அங்கேதான். மருத்துவர் மயக்கமோ மரப்போ கொடுத்துக் குறியை வெளியே எடுத்து அம்முனையைக் கத்தரித்தால், சில கிடாக்களில் அப்போதே சிறுநீர் பீறிட்டு வரும். இதனால் பொலிகிடாவின் இனச்சேர்க்கைத் திறனும் கெடுவதில்லை. ஆனால் மேலே இன்னும் கற்கள் இருந்தால் மீண்டும் அடைக்கும் என்பதால், வந்துவிட்டது என்று கண்காணிப்பை விட்டுவிடக் கூடாது.

கல் உள்ளே, குறி எஸ் வடிவில் வளையும் இடத்தில் சிக்கியிருந்தால் அறுவை சிகிச்சையே வழி. வயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையைத் திறந்து கற்களை அகற்றி, ஒரு குழாயை வைத்துச் சில நாட்கள் அதன் வழியே சிறுநீரை வடியவிட்டால், தாரையின் வீக்கம் தணிந்து இயல்பான பாதை திறக்க வாய்ப்புண்டு. எனது கருத்தில், கிடாவைத் தொடர்ந்து வளர்க்க விரும்புவோருக்கு இதுவே நல்ல வழி. ஆசனவாய்க்குக் கீழே புதுத் துளை அமைக்கும் முறையில் இனச்சேர்க்கைத் திறன் போய்விடும். துளையும் காலப்போக்கில் சுருங்கி அடைபடலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான அறுவை சிகிச்சை பற்றிக் கேட்கலாம்.

கற்களைக் கரைக்கும் மருந்து நவச்சாரம் எனப்படும் அம்மோனியம் குளோரைடு. தவிட்டிலும் தானியத்திலும் மிகுந்துள்ள பாஸ்பரஸால் உருவாகும் கற்கள் அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் கரையும். அடைப்பு நீங்கியபின், கிலோ எடைக்கு 200 மில்லிகிராம் கணக்கில், தங்கள் கிடாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 கிராம், மருத்துவர் சொல்லும் நாட்கள் மட்டும் வெல்லக் கரைசலில் கொடுக்கலாம். ஆக்சலேட், சிலிக்கா வகைக் கற்களை இது கரைக்காது.

மற்றக் குட்டிகளை ஐந்து, ஆறு மாதத்திற்கு முன் காயடிக்க வேண்டாம். சீக்கிரம் காயடித்தால் சிறுநீர்த்தாரை போதிய அகலத்திற்கு வளராது. தவிட்டைக் குறைத்துப் பசுந்தழையைக் கூட்டி, தீவனத்தில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் 2:1 என்ற அளவில் அமையுமாறு தாது உப்புக் கலவையை மருத்துவரிடம் கேட்டுச் சேருங்கள். சிறிது சோற்றுப்பு சேர்த்தால் ஆடு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். குறியின் மேலுறை ரோமத்தில் மணல் போன்ற துகள்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று மற்றக் கிடாக்களையும் இன்றே பாருங்கள். இருந்தால் அவற்றின் அடர்தீவனத்தை உடனே குறைக்க வேண்டும்.