பீரோ நிறையத் துணி, தைத்து முடித்தது ஒன்றுமில்லை

கேள்வி: வீட்டில் கால் மிஷின் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆனால் ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய் ஆசையாகத் துணி எடுத்து வருகிறேன். போனில் தையல் வீடியோக்களும் பார்க்கிறேன். ஆனால் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எதுவும் தோன்றுவதில்லை. தொடங்கியதெல்லாம் பாதியில் நிற்கிறது. ஆர்வத்தை எப்படி வரவழைப்பது? வகுப்பில் சேரலாமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆர்வம் இல்லாதவர் வாராவாரம் ஈரோட்டுக்கு பஸ் ஏறமாட்டார், அம்மணி. உங்களைத் தடுப்பது பயம். காசு கொடுத்து வாங்கிய துணி வீணாகிவிடுமே என்று கத்தரி வைக்கத் தயங்குகிறீர்கள். தயங்கும் நேரத்தில் இன்னொரு வீடியோ ஓடுகிறது.

இதற்கு மருந்து காடாத் துணி. பல்லடம், சோமனூர் விசைத்தறிகளில் ஓடுகிற, வெளுக்காத, சாயம் ஏறாத துணி. நம் பக்கத்துக்காரர்களுக்கு இது எட்டும் தூரத்தில் கிடைப்பது பெரிய வரம். நெய்யும்போது பாவு நூலுக்கு (நெடுக்கு இழைக்கு) போட்ட கஞ்சி போக ஊறவைத்துத் துவைத்து, தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். புது அளவு எதுவானாலும் முதலில் அதில் வெட்டி, பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பாருங்கள். அக்குளில் பிடிக்கிறதா, கழுத்து தூக்குகிறதா, துணி மேலேயே பேனாவால் குறியுங்கள். திருத்திப் பிரித்தால் அதுவே உங்கள் பேட்டர்ன், அதாவது நல்ல துணியை வெட்டுவதற்கான மாதிரி.

புது யோசனைக்கு வெளியே அலைய வேண்டாம். உடம்புக்குக் கச்சிதமாக இருந்து நைந்துபோன ரவிக்கை ஒன்றைத் தையல் தையலாகப் பிரியுங்கள். முன்துண்டை டெய்லர் ஏன் குறுக்கில் வெட்டினார்? இழை சாய்வாகப் போனால்தான் துணி இளகிக்கொடுத்து உடம்போடு படியும். பக்கத்தில் எத்தனை விரல் துணி உள்ளே விட்டிருக்கிறார், டாட்டை (வடிவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையலை) எங்கே நிறுத்தினார் என்று பாருங்கள். வீடியோவில் கை ஓடுகிற வேகத்தில் இவையெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.

பழக்கிக்கொள்ள வேண்டியதில் முதலாவது, ஊசியை மாற்றுவது. உடைகிறவரை ஒரே ஊசியில் தைப்பவர்களே அதிகம். தையல் தாவுவதற்கும் நூல் அறுவதற்கும் பல நேரம் மழுங்கிய ஊசிதான் காரணம்; பழி மிஷின் மேல் விழுகிறது. மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16. சில உருப்படிகள் தைத்ததும் மாற்றிவிடுங்கள். போட்ட தையலைத் தேய்த்துவிட்டே அதன் மேல் அடுத்த தையல் போடுங்கள்.

திருப்பூர் பனியன் துணி மலிவு என்று இப்போதைக்குத் தொடாதீர்கள். கால் மிஷினின் நேர்த்தையல் துணியோடு சேர்ந்து இழுபடாது. தலையை நுழைக்கும்போதே நூல் தெறித்துவிடும்.

பாதியில் நிற்பவற்றில் குறைந்த வேலை பாக்கி உள்ளதை இந்த வாரமே எடுங்கள். கொக்கி, காஜா வரை முடியும்வரை சந்தைப் பக்கம் போக வேண்டாம்.

வகுப்பா? உங்கள் துணியை உங்கள் கையாலேயே வெட்டவிடும் இடமானால் தாராளமாகச் சேருங்கள். மாதக்கணக்கில் காகிதத்திலேயே வரையவிடும் இடம் வேண்டாம்; உங்களுக்கு அங்கே பயம்தான் கூடும்.