பையன் கடக்வாஸ்லா போகிறான்

வணக்கம் சார்,

கோவில்பட்டியில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். உங்கள் புனே கட்டுரைகளை விடாமல் படிப்பவன். எங்கள் ஒரே மகன் என்.டி.ஏ.வுக்கு, அதாவது தேசிய பாதுகாப்பு அகாடமிக்குத் தேர்வாகியிருக்கிறான். ஜூலை முதல் வாரம் புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் சேர வேண்டும். எங்கள் இரண்டு பக்கச் சொந்தத்திலும் பட்டாளத்துக்குப் போனவர் யாரும் கிடையாது. எஸ்.எஸ்.பி. என்கிற ராணுவ நேர்முகத் தேர்வுக்குப் போன ஐந்து நாளைத் தவிர அவன் வீட்டை விட்டு வெளியே தங்கியதும் இல்லை. இப்போது தெரிந்த ஹவில்தார் ஒருவரிடம் விட்டு தினமும் பத்து கிலோமீட்டர் ஓட வைக்கிறேன். என் மனைவிக்குத் தூக்கமே இல்லை. ராகிங் பற்றி யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு, முதல் வருஷம் மட்டும் புனேயில் ஒரு வீடு எடுத்துத் தங்கிவிடுகிறேன் என்கிறாள். அவனை நாங்கள் எப்படித் தயார் செய்து அனுப்புவது? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

ச.

அன்புள்ள ச.,

முதலில் பையனுக்கு வாழ்த்துகள். எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி.க்கு 900 மதிப்பெண், அப்புறம் மருத்துவப் பரிசோதனை. வழிகாட்ட வீட்டில் ஆளில்லாத ஒரு பையன் இந்த மூன்றையும் தாண்டுவது சின்ன விஷயம் இல்லை.

உங்கள் மனைவியின் யோசனைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம், அதற்குப் பெரிய முன்னுதாரணமே இருக்கிறது. பிற்காலத்தில் பெரிய ஜெனரலான டக்ளஸ் மெக்கார்தர் 1899-ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் சேர்ந்தபோது அவருடைய அம்மாவும் கூடவே வந்து, அங்கேயிருந்த கிரேனிஸ் ஹோட்டலில் குடியேறிவிட்டார். மகன் அறையில் விளக்கு எரிகிறதா என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்வாராம். ஆனால் சீனியர்கள் அந்தப் பையனை விடாமல் உட்கார்ந்து எழ வைத்து, கைகால் வெட்டி இழுத்து விழுகிற அளவுக்கு வாட்டியபோது அம்மா கூப்பிடு தூரத்தில் இருந்ததால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே ராகிங்குக்கு ஆளான முன்னாள் மாணவர் ஒருவர் இறந்துபோய், அதைப் பற்றி 1901-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தபோதுதான் இவர் கதையும் பொதுவில் வந்தது. அங்கேயும் தனக்கு நடந்ததைக் குறைத்துத்தான் சொன்னார். வீடு பக்கத்தில் இருந்தால் பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிடுவான் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடக்வாஸ்லாவில் முதல் டெர்ம் (முதல் ஆறு மாதம்) பையன்கள் டிரில் டெஸ்டில் தேறினால்தான் ஞாயிற்றுக்கிழமை வெளியே வரலாம். 'லிபர்ட்டி' என்பார்கள். அதுவரை உங்கள் வீட்டம்மா புனேயில் வாடகை கொடுத்துக்கொண்டு தூரத்தில் தெரியும் சிங்ககட் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் புனேயில் வேலை பார்த்த காலத்தில், தெரிந்தவர்கள் மூலமாகத் தமிழ்ப் பையன்கள் சிலர் லிபர்ட்டி நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். தேனிப் பக்கத்துப் பையன் ஒருவன் நன்றாக நினைவிருக்கிறான். சோபாவின் நுனியில், முதுகை நிமிர்த்தி, நேர்காணலுக்கு வந்தவன் போல உட்கார்ந்தான். மனைவி சாம்பார் ஊற்றிவிட்டு ரசம் எடுத்து வருவதற்குள் தட்டு காலி. "மெதுவா சாப்பிடுப்பா" என்றால் "சரிங்க ஆன்ட்டி" என்பான், அடுத்த கவளமும் அதே வேகத்தில் போகும். முழங்கையில் சிராய்ப்பு காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. என்ன என்று கேட்டேன். "ஃப்ரண்ட் ரோல் அங்கிள்" என்று சிரித்தான். தரையில் குட்டிக்கரணம் போட வைக்கிற தண்டனை அது. கை கழுவிவிட்டு வந்து சாய்ந்தவன், திரும்ப வேண்டிய நேரத்துக்கு நாங்கள் எழுப்புகிறவரை அசையவில்லை. அந்தப் பையன்களிடமிருந்து கேட்டதும் பார்த்ததும்தான் நான் சொல்லப்போவதில் பாதி.

பத்து கிலோமீட்டர் ஓட்டத்தை இன்றைக்கே குறையுங்கள். தேர்வு அறிவிப்பின் கடைசிப் பக்கங்களில், யாரும் புரட்டாத இடத்தில், சேர்வதற்கு முன் பையன் எந்த அளவு தயாராக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ஸ்கிப்பிங், குறைந்தது 20 தண்டால், 20 சிட்-அப், 8 சின்-அப், மூன்று நான்கு மீட்டர் கயிறு ஏறுதல். அவ்வளவுதான். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று போட்டு அடித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை விரிசல் விழும். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். உலகம் முழுக்க ராணுவப் பயிற்சியில் முதல் சில வாரங்களில் பையன்களைப் படுக்கவைப்பது இதுதான். புதுச் சுமை விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டும். நடுவில் சில வாரம் அது முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். அந்தச் சமயத்தில் தார்ரோட்டில் அடித்து ஓட்டினால் அகாடமிக்குப் போகிறபோதே விரிசலோடு போவான். ஒருநாள் விட்டு ஒருநாள், மண் தரையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் போதும். ஓடும் ஷூவை இப்போதே வாங்கிக் காலுக்குப் பழக்கிவிடுங்கள்.

2022-லிருந்து அங்கே பெண்களும் சேர்கிறார்கள். அந்த முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். மகளை அனுப்பப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இரும்புச்சத்தும் வைட்டமின் டி-யும் எந்த அளவில் இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். இந்த எலும்பு விரிசல் பெண்களுக்கு இன்னும் அதிகமாக வருகிறது.

நீச்சல் தெரியுமா அவனுக்கு? கரிசல்காட்டுப் பிள்ளை, தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஒன்றுமே தெரியாதவனுக்கும் சொல்லித்தருவார்கள். ஆனால் நீந்தத் தெரியாதவன் மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் குளத்தில் கிடப்பான். தூக்கம்தான் அங்கே தங்கம். சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் கிடக்கிற கிணறு ஏதாவது இருந்தால், பழக்கிவிட ஆளும் இருந்தால், இந்த ஆறு வாரத்தை அதற்குச் செலவிடுங்கள்.

அடுத்தது வீட்டு வேலை. ஒரே மகன் என்கிறீர்கள், தட்டைக்கூடக் கழுவியிருக்க மாட்டான். சட்டை துவைத்து மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடுவது, பொத்தான் தைப்பது, படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகுவது எல்லாம் அவன் கையால் வரட்டும். அப்புறம் ஷூ பாலிஷ். தேனிப் பையன் ஒரு நாள் என் ஆபீஸ் ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு செய்து காட்டினான். பஞ்சை நனைத்துப் பிழிந்து, அதில் துளியூண்டு பாலிஷைத் தொட்டு, ஷூவின் மூக்கில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கிறான். ஒரு பூச்சு மங்கியதும் ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி வட்டம். அரை மணி நேரம் கழித்து அதில் என் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. இன்ஸ்பெக்‌ஷனில் ஷூ மங்கலாக இருந்தால் தண்டனை, தண்டனை என்றால் தூக்கத்தில் அரை மணி குறையும். கை வேகம் இருக்கிற பையன் பிழைத்துக்கொள்வான்.

ஹிந்தி. பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் டிரில் மைதானத்தில் உத்தரவுகள் ஹிந்தியில் வரும்: சாவ்தான், விஷ்ராம், தேஸ் சல், பீச்சே முட், தம். என்.சி.சி.யில் இருந்திருந்தால் இதெல்லாம் பழக்கம். இல்லையென்றால் அந்த ஹவில்தாரை ஓட்டத்தை விட்டுவிட்டு இதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். இலக்கணம் வேண்டாம். உஸ்தாத் (டிரில் சொல்லித்தருபவர்) சொல்வது புரிந்து, கூட இருப்பவனிடம் வாளி கேட்கிற அளவுக்குப் பேச்சு வந்தால் போதும். மொழி புரியாத முதல் மாதத்தில் பாதித் தண்டனை வாங்கினோம் என்றுதான் நான் பார்த்த பையன்கள் சொன்னார்கள்.

பண விஷயம் சுருக்கமாக. தங்குமிடம், சாப்பாடு, படிப்பு, சீருடை எல்லாம் அரசுச் செலவு. கைச்செலவுக்கு மாதம் 3000 ரூபாய் நீங்கள் கட்ட வேண்டும், சேரும்போது முன்பணமும் உண்டு. அதற்குமேல் அனுப்பாதீர்கள்.

இனி உங்கள் இரண்டு பேருக்குமான தயாரிப்பு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பையன் பெயரும் படமும் போட்டு பிளெக்ஸ் வைத்துவிட்டீர்களா? வைக்கவில்லை என்றால் வைக்காதீர்கள். சங்கத்தில் பாராட்டு விழா, பள்ளியில் சால்வை, பேப்பரில் செய்தி எல்லாவற்றையும் மூன்று வருஷம் தள்ளிப்போடுங்கள். ஊர் கூடி வழியனுப்பிய பையனால் ஆறாவது வாரத்தில் போன் பண்ணி "அப்பா, என்னால முடியல" என்று சொல்ல முடியாது. நாக்கு நுனிவரை வரும். பிளெக்ஸ் ஞாபகம் வரும். "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவான். போதாததற்கு, சேரும்போது நீங்கள் கையெழுத்துப் போடும் பத்திரம் ஒன்று இருக்கிறது. தானாக விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். அவன் அதைப் படித்திருப்பான். அப்பாவைக் கடனாளி ஆக்கிவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அதனால் கிளம்புவதற்கு முன் ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்: கஷ்டமாக இருந்தால் மறைக்காதே, பணம் என் பாடு, நீ திரும்பி வந்தாலும் இது உன் வீடு. சினிமா வசனம் மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள்.

இப்படிச் சொன்னால் முதல் மாதமே பெட்டியைக் கட்டிவிடுவானோ என்று தோன்றும். நான் பார்த்தவர்களில், வீட்டில் வாய் திறந்து புலம்ப முடிந்தவர்கள்தான் நின்று முடித்தார்கள். வந்துவிடுகிறேன் என்று ஒரு தடவையாவது எல்லாருமே சொல்வார்கள். அன்றைக்கே டிக்கெட் போடாதீர்கள். "ஆம்பளையாடா நீ" என்றும் ஆரம்பிக்காதீர்கள். முழுக்கக் கேளுங்கள், இந்த டெர்ம் முடியட்டும், டிசம்பரில் லீவுக்கு வா, பேசுவோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் டிசம்பரில் அந்தப் பேச்சே எழாது. தீபாவளிக்கு வருவான் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

'ரெலிகேஷன்' என்று ஒரு சொல் காதில் விழலாம். படிப்பிலோ உடற்பயிற்சியிலோ தேறாவிட்டால், காயம்பட்டுப் பல வாரம் படுத்துவிட்டால், ஆறு மாதம் பின்னால் வரும் கோர்ஸில் போட்டுவிடுவார்கள். பையன்கள் இதற்கு நடுங்குவார்கள், கோர்ஸ்மேட்டுகள் பிரிந்துவிடுவார்களே என்று. அதனாலேயே கால் வலியைச் சொல்லாமல் ஓடி, சின்ன விரிசலைப் பெரிய முறிவாக்கிக்கொள்வார்கள். ஆறு மாதம் போனால் போகிறது, வலித்தால் டாக்டரிடம் சொல் என்று நீங்கள்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பயிற்சியில் ஊனமுற்று வெளியேற்றப்பட்டவர்களை, அதிகாரி ஆவதற்கு முன்பே வெளியே வந்தார்கள் என்பதால், முன்னாள் ராணுவத்தினர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் படும் பாட்டை 2025-ல் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. நீங்கள் கட்டும் முன்பணத்தில் குரூப் இன்சூரன்ஸும் அடங்கும். அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அவன் மறைக்கக் கூடாது என்றால் நீங்களும் மறைக்கக் கூடாது. பாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பதை, "பயிற்சியில் இருக்கிற பிள்ளை, சொல்ல வேண்டாம்" என்று மூடி வைப்பது நம் வீடுகளில் சகஜம். டிசம்பரில் வந்து மாலை போட்ட போட்டோவைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பையனை எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவனும் வீட்டுக்கு ஒன்றும் சொல்வதில்லை. நினைத்த நேரத்தில் போனில் பேசக் கிடைக்காது, அதனால் கடிதம் எழுதுங்கள். அம்மா அழுததை எழுத வேண்டாம். கடையில் என்ன விற்றது, பக்கத்து வீட்டு நாய் எத்தனை குட்டி போட்டது என்பதையெல்லாம் எழுதலாம்.

ராகிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தண்டனை உண்டு, சீனியர்கள் விரட்டுவதும் உண்டு. ஃப்ரண்ட் ரோலுக்கெல்லாம் பதற வேண்டாம். ஆனால் யாரோ அடிக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள் என்று சொன்னாலோ, சாப்பிடாமல் தூங்காமல் குரலே மாறிப்போயிருந்தாலோ, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று விளையாட்டாகச் சொன்னாலும்கூட, ராணுவம் என்றால் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அகாடமி விதிப்படியே அது குற்றம். பையன்களைப் பிரித்துத் தங்கவைக்கிற ஒவ்வொரு ஸ்க்வாட்ரனிலும் அவர்களைக் கவனித்துக்கொள்ள டிவிஷனல் ஆபீசர் என்று ஒருவர் இருப்பார். அன்று இரவே அவரைக் கூப்பிடுங்கள். அவர் அசையவில்லை என்றால் மேலே போங்கள். பையன் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருடைய பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். குரல் மாறியிருப்பதை முதலில் கண்டுபிடிக்கப்போவது உங்கள் மனைவிதான், அதனால் அந்த எண் அவர் போனிலும் இருக்கட்டும்.

அன்புடன்.