மூலிகைச் செடிக்குள் இருக்கும் மருந்துச் சேர்மத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

தாவரச் சேர்மங்களைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியை வைத்தே சொல்கிறேன்.

ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பார்கள். 1952-இல் அந்த இலைகள் கனடாவுக்குப் போயின. வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்தார். வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவே இல்லை. ஊசியில் ஏற்றியபோதோ எலிகள் சில நாளில் கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தைப் பார்த்தால் வெள்ளணுக்கள் சரிந்து கிடந்தன. சர்க்கரைக்குப் பயனில்லை என்று மூடி வைத்திருக்கலாம். அவர்கள் அந்த வெள்ளணுக்களின் பின்னால் போனார்கள். வேதியியலாளர் சார்லஸ் பியர் சேர்ந்த பிறகு, 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வெளிவந்தது. அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனம் இதே செடியிலிருந்து எடுத்த வின்கிறிஸ்டின் 1963-இல் அனுமதி பெற்றது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைக் கொடுக்கிறார்கள்.

வேலை முறை இன்றும் ஏறக்குறைய அதேதான். இலைப்பொடியை மெத்தனாலில் ஊறவைத்து, சாற்றைப் பல பங்குகளாகப் பிரிப்போம். ஒவ்வொரு பங்கையும் செல்களின் மேல் சோதிப்போம். வேலை செய்கிற பங்கை மட்டும் சிலிக்கா நிரப்பிய குழாயில் ஊற்றி மறுபடி பிரிப்போம். மெல்லிய தகட்டில் ஒரு துளி வைத்து டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தால் ஆரஞ்சுப் புள்ளி தெரியும். ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் உள்ள தாவரச் சேர்மம், இருக்கக்கூடும் என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். சாற்றில் நன்றாக வேலை செய்தது, தூய்மையாக்கியதும் ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு. துவர்ப்புச் சுவை தரும் டானின்கள் எல்லாப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு பொய்யான முடிவு காட்டும். கடைசியில் கிடைப்பது ஏற்கெனவே தெரிந்த சேர்மமாக இருப்பதுதான் அதிகம். அதனால் மூலக்கூறின் எடையைக் காட்டும் நிறைநிறமாலையை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், தயவுசெய்து இந்த இலையில் கஷாயம் போட்டுக் குடிக்காதீர்கள். செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வின்கிறிஸ்டின் டன் கணக்கான இலையில் கிராம் கணக்கில்தான் கிடைக்கும். மருத்துவமனையில் அதை ரத்தக்குழாய் (சிரை) வழியாக, பெரும்பாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மிகாமல் ஏற்றுவார்கள். அந்த அளவிலேயே கை கால் மரத்துப்போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.