மகன் பல்கலைக்கழகம் வேண்டாம், டென்னிஸ்தான் என்கிறான்: வீட்டை மறுஅடமானம் வைக்கலாமா?

கேள்வி: மார்க்கமில் இருக்கிறோம். மகனுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு. எட்டு வயதிலிருந்து டென்னிஸ் விளையாடுகிறான். ஒன்ராறியோவில் அவன் வயதுப் பிள்ளைகளில் முன்வரிசையில் நிற்கிறான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று அறுபது வீதம் புலமைப்பரிசில் தருவதாகச் சொல்கிறது. அவனோ, "மிலோஸ் ராவோனிச் பல்கலைக்கழகத்தை விட்டிட்டுத்தானே உலகத்தில மூன்றாம் இடத்துக்கு வந்தவர், நானும் அப்பிடித்தான் போகப்போறன்" என்று பிடிவாதம். வீட்டை மறுஅடமானம் வைத்து இரண்டு வருடம் அனுப்பிப் பார்ப்போம் என்கிறார் கணவர். எனக்கு இரவில் நித்திரை இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் வீட்டு விஷயம். வைக்க வேண்டாம். அப்படி வைத்த இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகளும் நல்ல ஆட்டக்காரர்கள். ஆனால் நெருக்கடியான புள்ளியில் இரண்டாவது சேர்வைப் போடக் கை நடுங்கியது. பந்தோடு சேர்த்து வீட்டுத் தவணையையும் தூக்கி எறிய வேண்டியிருந்தால் யாருக்குத்தான் நடுங்காது?

இனி ராவோனிச். உங்கள் மகன் சொன்னது உண்மைதான், ஆனால் பாதிக் கதை. மிச்சப் பாதியை அவன் கேட்க வேண்டும். அது உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நடந்த கதையும்கூட.

1990 டிசம்பரில் மொண்டினீக்ரோவில் பிறந்தவர் ராவோனிச். தாய் தகப்பன் இருவரும் பொறியியலாளர்கள். யூகோஸ்லாவியா சிதறிய காலத்தில், 1994இல், மூன்று வயதுப் பிள்ளையோடு பிராம்ப்டனுக்கு வந்தார்கள். பிறகு தோர்ன்ஹில். போரிலிருந்து விலகி வந்து, படித்த படிப்பைப் புதுநாட்டில் மறுபடி நிறுவி, பிள்ளைகளை வளர்த்த அந்த வீட்டை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சின்ன வயதில் ஒரு முகாமில்தான் பையன் றக்கெட்டைப் பிடித்தான். பயிற்சியாளர் கேஸி கேர்ட்டிஸ் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. தகப்பனும் மகனும் பந்து எறியும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மாதக்கணக்கில் தனியாக அடித்துப் பழகிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகும் ரிச்மண்ட் ஹில் உள்ளரங்கில் விடிய முன்னமும் இரவு பிந்தியும்தான் பயிற்சி. அந்த நேரங்களில் கோர்ட் வாடகை மலிவு. காசைக் கொட்டாமல் நேரத்தைக் கொட்டிய குடும்பம் அது.

2007இல் மொன்றியலில், நாட்டின் டென்னிஸ் அமைப்பான டென்னிஸ் கனடா தன் தேசியப் பயிற்சி மையத்தைத் திறந்தது. முதல் தொகுதியிலேயே ராவோனிச் எடுபட்டார். இந்த இடத்தைப் பிள்ளைகள் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதினாறு, பதினேழு வயதிலிருந்து அவருடைய பயிற்சியின் பாரத்தைப் பெருமளவு சுமந்தது தேசிய அமைப்பு. வீட்டுச் சேமிப்பில் ஓடிய பயணம் இல்லை அது. ஆகவே உங்கள் மகனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "டென்னிஸ் கனடா உன்னை அழைத்திருக்கிறதா?" என்பதுதான். அழைத்திருந்தால் இந்தப் பதிலில் பாதி மாறும். அழைக்கவில்லை என்றால் ராவோனிச்சை உதாரணம் காட்ட முடியாது.

அடுத்து, பல்கலைக்கழகத்தை அவர் விட்ட விதம். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவருக்குப் புலமைப்பரிசில் தர முன்வந்தன. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நிதியியல் படிப்பதாக இருந்தது. வகுப்பு தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில்தான் 2008இல் மனம் மாறினார். தாய் தகப்பன் ஓம் என்றார்கள், இரண்டு நிபந்தனைகளோடு: தபால் வழியில் பல்கலைக்கழகப் பாடங்களை எடுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் உலகத் தரவரிசையின் முதல் நூறுக்குள் வராவிட்டால் படிப்பே முதல் வேலை. அல்பேர்ட்டாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தில் பதிந்து படித்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2009 முடிவில் 373ஆம் இடம். 2010 முடிவில் 156. முதல் நூறுக்குள் வந்தது 2011 ஜனவரி கடைசியில்: அவுஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி, பத்தாம் நிலையிலிருந்த யூஷ்னியை வீழ்த்தி, நான்காம் சுற்று வரை போன பிறகு. அடுத்த மாதம் சான் ஹொசேயில் முதல் கிண்ணம். அதாவது கெடு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்! அந்தத் தாய் தகப்பன் ஏன் பொறுத்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. படி ஏறிக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2010 ஓகஸ்டில் ரொறன்ரோவில் இன்னொரு இளைஞரான வசெக் பொஸ்பிசிலோடு இரட்டையர் ஆட்டத்தில் ஜோக்கோவிச்–நடால் சோடியைத் தோற்கடித்தார். இலையுதிர்காலத்தில் பெரிய சுற்றுப்போட்டிகளின் பிரதான சுற்றுக்குள் நுழையத் தொடங்கினார். நீங்கள் கெடு வைப்பதானால் இலக்கத்தை மட்டும் எழுதாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருதரம் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். 900இலிருந்து 600க்கு வந்த பிள்ளைக்கு ஆறு மாதம் கூடக் கொடுக்கலாம். 600இலேயே பதினெட்டு மாதம் நிற்கிற பிள்ளைக்குக் கொடுப்பதில் பயனில்லை.

ஏன் நூறு என்ற இலக்கம்? அது தகப்பன்மார் மனம்போனபடி பிடித்த எண் இல்லை. கிராண்ட் ஸ்லாம் என்கிற பெரிய போட்டிகளின் ஒற்றையர் ஆட்டத்தில் 128 பேர். ஆண்களில் 104 பேர் தரவரிசையைக் கொண்டே நேரே உள்ளே போகிறார்கள். மிச்ச இடங்கள் வைல்ட் கார்ட் என்கிற சிறப்பு அழைப்புக்கும் தகுதிச் சுற்றில் வென்று வருபவர்களுக்கும். 2025 அமெரிக்க ஓபனில் முதல் சுற்றில் தோற்றவருக்கே 110,000 அமெரிக்க டொலர். வருடத்தில் நான்கு ஸ்லாம். முதல் நூறுக்குள் இருப்பவர் நான்கிலும் முதல் நாளே தோற்றாலும் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கலாம். 2024இலிருந்து ஆண்கள் சுற்றை நடத்தும் ஏடிபி, முதல் நூறு பேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 300,000 டொலர் வருமானத்தை உறுதிசெய்யும் திட்டத்தையும் தொடங்கியது. 101 முதல் 175 வரை 150,000, 176 முதல் 250 வரை 75,000. 251ஆவது ஆளுக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை.

உங்கள் மகன் தொடங்கப்போவது 251இலும் இல்லை. எம்15 என்கிற அடிமட்டப் போட்டியில். அந்தப் பதினைந்து, முழுப் போட்டிக்குமான பரிசுத்தொகை 15,000 டொலர் என்பதைக் குறிக்கிறது. ஐந்து ஆட்டம் தொடர்ந்து வென்று கிண்ணம் தூக்கினால் கையில் 2,160 டொலர், அதிலும் அந்த நாட்டு வரி கழியும். பிரதான சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றால் 156. ரொறன்ரோவிலிருந்து துனீசியாவின் மொனாஸ்திருக்கோ துருக்கியின் அன்தால்யாவுக்கோ விமானச் சீட்டு விலையைக் கணவரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே ஒரே இடத்தில் வாரம் தவறாமல் போட்டி நடக்கும். காசில்லாத பிள்ளைகள் ஒருதரம் பறந்துபோய் ஐந்தாறு வாரம் ஓர் அறையை மூன்று பேராகப் பகிர்ந்துகொண்டு ஆடுவார்கள். பயிற்சியாளரைக் கூட்டிப்போனால் செலவு இரட்டிப்பு. கூட்டிப்போகாவிட்டால் பதினெட்டு வயதுப் பிள்ளை தனியே தோற்று, தனியே சாப்பிட்டு, தானே உடுப்புத் துவைக்கும். அது பிழையென்று சொல்லவில்லை. அவன் கனவில் அந்தக் காட்சி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் பல்கலைக்கழகம் எங்கே பொருந்துகிறது? 2008இல் இருந்த நினைப்பு வேறு. கல்லூரிக்குப் போனவன் தொழில்முறைக் கனவை மூட்டைகட்டிவிட்டான் என்று பேசுவார்கள். இன்று கனடாவிலேயே அதற்கு மறுப்பு நிற்கிறது: மொன்றியல்காரர் கேப்ரியல் டியாலோ. ஆறடி எட்டங்குலம் உயரம். கென்டக்கிப் பல்கலைக்கழக அணியில் ஆடியவர், 2022இல் அந்த அணி தேசிய இறுதிப்போட்டி வரை போனது. பிறகு 2024 அமெரிக்க ஓபனில் மூன்றாம் சுற்று, 2025 ஜூனில் நெதர்லாந்தில் புல்தரையில் முதல் ஏடிபி கிண்ணம், முதல் நாற்பதுக்குள் இடம். அவர் கல்லூரியில் இருந்த ஆண்டுகளில் பயிற்சியாளர், உடற்பயிற்சிக்கூடம், இயன்மருத்துவர், விமானச் சீட்டு, சாப்பாடு எல்லாம் அணியின் செலவு. 2023 தொடக்கம் அமெரிக்கக் கல்லூரித் தரவரிசையின் உச்சியிலுள்ள இருபது பேருக்கு, எம்15, எம்25க்கு மேல்படியான சலஞ்சர் போட்டிகளில் ஏடிபி இடமும் ஒதுக்குகிறது. எம்15 சேற்றில் உழலாமல் நேரே இரண்டாம் படிக்கு ஏற அது ஒரு வழி.

அறுபது வீதம் என்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம். ஆண்கள் டென்னிஸில் ஓர் அணி முழுவதற்கும் நாலரைப் புலமைப்பரிசில்தான் என்ற எல்லை நெடுங்காலம் இருந்தது. எட்டுப் பத்துப் பேருக்கு அதைப் பங்குபோட வேண்டும். கல்லூரி விளையாட்டு வழக்கில் 2025இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, அதில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த எல்லை தளர்ந்துவிட்டது. ஆகவே மிச்ச நாற்பது வீதத்தைப் பற்றிப் பயிற்சியாளரிடம் வெட்கப்படாமல் கதையுங்கள். நம்மவர்கள் மீன்கடையில் பேரம் பேசுவார்கள், பல்கலைக்கழகத்தில் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டாம் ஆண்டில் கூட்டித் தருவார்களா, காயம் பட்டாலும் தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது, கவனம். "ஒரு வருடம் வெளியே ஆடிப் பார்த்துவிட்டுப் பிறகு கல்லூரிக்குப் போறன்" என்று மகன் நடுவழி சொல்லக்கூடும். உயர்பள்ளி முடித்த கொஞ்சக் காலத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். சேராமல் போட்டிகளில் ஆடிக்கொண்டே போனால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி ஆண்டுகள் குறையலாம். பரிசுப்பணம் வாங்குவதற்கும், முகவரோடு ஒப்பந்தம் போடுவதற்கும் விதிகள் உண்டு. அந்த விதிகள் இப்போது வழக்குகளால் அடிக்கடி மாறுகின்றன. கோர்ட்டோரம் நிற்கும் தகப்பன்மார் சொல்வதை நம்பாமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி அலுவலரிடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி முடிவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

மகன் விட்டுக்கொடுக்காமல் விக்டோரியா எம்போக்கோவை இழுப்பான். நியாயம். பேர்லிங்டனில் வளர்ந்த பிள்ளை, 2025 தொடக்கத்தில் முதல் முந்நூறுக்கும் வெளியே இருந்தவர், ஓகஸ்டில் மொன்றியலில் கனடிய ஓபன் இறுதியில் நவோமி ஒசாகாவை வென்றபோது வயது 18. அவரும் டென்னிஸ் கனடாவின் கையில் வளர்ந்தவர்தான். அதே வீட்டில் அவருடைய அக்காவும் அண்ணாவும் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடினார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒரே குடும்பம், பிள்ளைக்குப் பிள்ளை வேறு வழி.

காயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராவோனிச்சின் ஆட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். 2012 ஜனவரியில் சென்னை நுங்கம்பாக்கத்தில், 21 வயதில், ஒரு சேர்வ் ஆட்டத்தைக்கூட இழக்காமல் கிண்ணம் எடுத்தார். டிப்சரேவிச்சோடு இறுதியில் மூன்று செட்டும் சமநிலைக்குப் போய் டைபிரேக்கில்தான் முடிந்தன. அந்தச் சேர்வ் அவரை 2016 விம்பிள்டன் இறுதிக்கும், அந்த நவம்பரில் உலகின் மூன்றாம் இடத்துக்கும் கொண்டுபோனது. அந்த உடம்பைப் பாருங்கள்: 2011 விம்பிள்டனில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை, 2015இல் பாதத்தில், 2017இல் மணிக்கட்டில். 2021இலிருந்து ஏறத்தாழ இரண்டு வருடம் ஆடவே முடியவில்லை. எட்டுக் கிண்ணம், இரண்டு கோடி டொலருக்கு மேல் பரிசு, ஆனால் ஒரு கிராண்ட் ஸ்லாமும் இல்லை. இவ்வளவு திறமைக்கும் உடம்பு கொடுத்த விலை இது. 17 வயதுப் பிள்ளைக்கு இந்தப் பகுதி காதில் ஏறாது. நீங்களும் கணவரும் ஏற்றிக்கொண்டால் போதும்.

என் கருத்து: புலமைப்பரிசிலை எடுக்கட்டும், கோடை விடுமுறைகளில் எம்15, எம்25 போட்டிகளில் ஆடட்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் கல்லூரி அணியின் முதல் ஒற்றையராக நின்று, உலகத் தரவரிசையிலும் ஐந்நூறுக்குள் வந்திருந்தால் அப்போது படிப்பை இடைநிறுத்துவது பற்றிக் கதைக்கலாம். அதற்கும் வீட்டைத் தொடத் தேவையிருக்காது. அந்த நிலையில் இருக்கும் ஆட்டக்காரனுக்கு உதவ வேறு ஆட்கள் வருவார்கள். வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கோடையில் கியூபெக் மாகாணத்தின் கிரான்பியில் சலஞ்சர் போட்டி நடக்கும். மூன்று பேரும் காரில் போங்கள். மத்திய அரங்கில் உட்கார வேண்டாம், தகுதிச் சுற்று நடக்கும் ஓரக் கோர்ட்டுகளில் நில்லுங்கள். உலகின் முந்நூறாவது, நானூறாவது ஆட்டக்காரர்கள் எப்படி அடிக்கிறார்கள், ஆட்டம் முடிந்து தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று மகன் பார்க்கட்டும். திரும்பி வரும்போது காரில் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் என்ன கேட்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.