தாத்தா வீட்டு உத்தரத்தில் கிட்டார் ஆகுமா?

கேள்வி: பழைய வீட்டை இடித்ததில் ஒரு தேக்கு உத்தரம் கிடைத்தது. அதில் எலக்ட்ரிக் கிட்டார் செய்ய ஆசை. ஆனால் மரத் தரகர் ஒருவர், "தேக்கில் நாதம் வராது, இறக்குமதி மஹோகனி வாங்குங்கள்" என்கிறார். இன்னொன்று, ஈட்டி மர ஃப்ரெட்போர்டில் (தந்தியை விரலால் அழுத்தும் பலகை) நான் பதித்த சிப்பிப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிகிறது. என்ன செய்வது? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: தம்பி, உத்தரத்தை விற்றுவிடாதீர்கள். தரகரிடம் முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய்த் திருப்பிக் கேளுங்கள்.

இது வீணைக் குடம் இல்லை. தந்திகளுக்குக் கீழே பதிக்கும் பிக்கப்பில் இருக்கும் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் எஃகுத் தந்தியின் அதிர்வைப் பிடிக்கின்றன, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் தன் சோதனைக் கிட்டாரை நாலங்குலச் சதுர பைன் கட்டையை நடுவில் வைத்துத்தான் செய்தார். அதுவும் உத்தரம் மாதிரிதான்! மரம் காய்ந்திருக்க வேண்டும், முறுக்கக் கூடாது. தேக்கில் குறை என்றால் கனம்தான். உடம்பு மட்டுமே மூன்று கிலோவைத் தொடும், உள்ளே கொஞ்சம் குடைந்துவிடுங்கள்.

தரகர் சங்கதிக்கு வருகிறேன். ஒரு கிட்டார் உடம்புக்கு 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 2 அங்குலக் கனம் போதும். கணக்குப் போட்டால் கன அடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. "குறைந்தது ஐந்து கன அடி எடுக்கணும்" என்பவரிடம் நிற்காதீர்கள். எனக்கு 'மஹோகனி' என்று ஒருவர் தந்த பலகையை ஈரத்துணியால் துடைத்தேன், துணி சிவந்துபோனது, எல்லாம் சாயம். ஈட்டி என்றால் இன்னும் மோசம். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியின்றி வெட்டக்கூடாது என்று இங்கே 1990களிலேயே சட்டம் போட்டார்கள். மரத்தைக் காக்கத்தான் போட்டார்கள், சரி. ஆனால் நட்டு வளர்த்தவன் மனுவோடு அலைந்தான், பில் இல்லாத பலகை மட்டும் தரகர் கையில் தாராளமாகப் புழங்குகிறது. இதைக் கேட்க ஆளில்லை. பில் இல்லாமல் ஒரு துண்டுகூட வாங்காதீர்கள்.

பழைய மரம் காய்ந்த மரம், உடனே இழைக்கலாம் என்பார்கள். பலகைக்கு அது சரி, உத்தரத்துக்குச் சரிவராது. அறுபது வருஷம் கூரையைத் தாங்கிய கட்டைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும், அறுத்ததும் வளையும். அதனால் முதலில் காந்தம் வைத்துத் தடவி ஆணிகளைப் பிடுங்குங்கள். இல்லாவிட்டால் மில்லில் ரம்பப் பல் போகும், திட்டும் விழும். 55 மில்லிமீட்டர் கனத்துக்கு அறுத்து, இடையில் ரீப்பர் வைத்து நிழலில் அடுக்குங்கள். ஞாயிறுதோறும் எடை போட்டுச் சுவரில் குறித்து வாருங்கள். மூன்று ஞாயிறு எடை மாறாமல் நின்றால் 45 மில்லிமீட்டருக்கு இழைக்கலாம். குற்றாலச் சீசனில் சாரல் படும் திண்ணையில் வைத்தால் அத்தனையும் வீண். உத்தரம் அரையடி அகலம்தான் இருக்கும், மூன்று துண்டாக ஒட்ட வேண்டி வரும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோனால் துடையுங்கள். ரேகை நேராக ஓடும் துண்டை கிட்டாரின் கழுத்தான நெக்குக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம் சிப்பி. வெள்ளைப் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்திருப்பீர்கள், அது காய்ந்து சுருங்கியிருக்கிறது. கத்தி முனையால் அதைச் சுரண்டி எடுங்கள். அதே ஈட்டியின் தூளை ஆரல்டைட் பசையில் கூழாகக் கலந்து, இடைவெளியில் சற்று மேடாகவே நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு 120, 220, 400 என்று உப்புத்தாளை வரிசையாகப் போடுங்கள். தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் மரம் தேயும், சிப்பி தேயாது, புள்ளி புடைத்து நிற்கும். ஃப்ரெட்போர்டின் வளைவுக்குக் குடைந்த கட்டையில் தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். ஃப்ரெட்போர்டில் குறுக்கே ஃப்ரெட் கம்பிகளை அடித்துவிட்டீர்களா? அப்படியானால் அவற்றின்மேல் டேப் ஒட்டி, இடையிடையே சின்னக் கட்டையால் தேய்க்கலாம். சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் இல்லாமல் உட்காரக் கூடாது. கடைசியில் ஈட்டிக்கு வார்னிஷ் வேண்டாம். ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு தடவித் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டி வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும்.