எரேமியா 32: முற்றுகைக்குள் எழுதிய கிரயப்பத்திரம்

சகோதரி, வாலிபர் கூட்டத்தில் எரேமியா 32 பேசும்போது “எதிரி பிடித்துவிட்ட நிலத்தைக் காசு கொடுத்து வாங்குவது முட்டாள்தனம் இல்லையா?” என்று ஒரு பையன் கேட்டதாகவும், பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

அவன் கேட்டது சரியான கேள்வி, அதை மழுப்பாதீர்கள். தீர்க்கதரிசி எரேமியாவே அதைத்தான் கேட்கிறார். எருசலேம் நகரத்தைச் சுற்றி பாபிலோன் படை, அவரோ காவல் முற்றத்தில் கைதி. பெரியப்பா மகன் வந்து, சொந்த ஊரான ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டும் மண்பாண்டத்துக்குள் போகின்றன, நெடுநாள் கெடாமல் இருக்க. நம்ம ஊர் பத்திரப்பதிவு தோற்றுப்போகும்!

எல்லாம் முடிந்தபிறகுதான் ஜெபம். 25ஆம் வசனத்தை வாசித்துக் காட்டுங்கள்: நகரமே கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே என்று கர்த்தரிடம் கேட்கிறார். அவருக்கும் புரியவில்லை. வாங்கிவிட்டுத்தான் கேட்டார், அவ்வளவே வித்தியாசம்.

அந்த நிலத்தை அவர் அனுபவித்ததாக வேதத்தில் இல்லை. அவரை எகிப்துக்கு அல்லவா கொண்டுபோனார்கள். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு எஸ்றா 2:23ஐத் திருப்பச் சொல்லுங்கள். பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் வரிசையில் ஒரு வரி: ஆனதோத்தின் மனுஷர் 128 பேர்.